அழைக்கும் சொல்லின் அறம்

பொருளை விரும்பி ஒருவன் மற்றொருவனுக்கு எழுதும் சொல், அது எவ்வளவு இனியதாயினும், எவ்வளவு அழகியதாயினும், தர்மத்தின் எல்லைக்குள் நிற்கக் கூடியதுதானா என்னும் கேள்வி மிகவும் பழையது. தெருவில் கூவி விற்றவனின் காலத்திலும் அது இருந்தது. ஒரு விசையைத் தட்டியவுடன் ஆயிரக்கணக்கானவர்களுடைய மின்னஞ்சல் பெட்டிகளில் ஒரே கணத்தில் போய் நிற்கும் வர்த்தகக் கடிதத்தின் காலமாகிய இன்றும் அது இருக்கிறது. இத்தகைய விஷயத்தைப் பொதுப்பட ஆராயப் புகுந்தால் வார்த்தைகள் ஆகாயத்தில் மிதக்கத் தொடங்கிவிடும் என்ற அச்சத்தினால், இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களின் நடுவே இக்கேள்வியை நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன்.

அத்தோட்டங்களின் தேயிலை உலகத்துக்குச் செல்லும் வழி நெடுங்காலமாக ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. 1883-ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்பு ஏலத்தில், பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் ஆக்கப்பட்ட தேயிலை வந்து சேரும். தரகர்களும் ருசிபார்ப்போரும் அதைச் சுவைத்து விலை சொல்வர். பின்னர் அது வேறு பல தோட்டங்களின் இலையோடு கலந்து ஈராக்குக்கோ துருக்கிக்கோ ருஷியாவுக்கோ கப்பலேறும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றின் காரணமாக அந்த ஏலம் மண்டபத்தை விட்டுக் கணினித் திரைக்கு மாறிய போதும் இந்த ஏற்பாட்டின் இயல்பு மாறவில்லை. குடிப்பவனுக்குத் தோட்டத்தின் பெயர் தெரியாது. தோட்டத்துக்குக் குடிப்பவனின் முகம் தெரியாது. ஆனால் அண்மைக் காலத்தில் சில கம்பனிகளும் சிறு ஆலைகளும் இடையிலுள்ள பலரையும் தாண்டி, தேநீர் அருந்துபவனுக்கே நேராகக் கடிதம் எழுதத் தலைப்பட்டிருக்கின்றன. அக்கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. மலையின் உயரம் இருக்கிறது. பெரும்பாலும் கூடை சுமந்து நிற்கும் ஒரு பெண்ணின் படமும் இருக்கிறது. பெயரற்றிருந்த தோட்டம் இப்போது தன் வாயால் பேசத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். பேசத் தொடங்கியவனுக்குத்தான் வாய்மையின் கடமையும் தொடங்குகிறது.

துறவு நெறியில் நிற்போர் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பக் கூடும். ஆசையே துக்கத்துக்கு மூலம் என்று புத்தர் பெருமான் போதித்திருக்க, ஆசையை அறுக்குமாறு நம் சித்தர்களும் திரும்பத் திரும்ப உரைத்திருக்க, பிறர் மனத்தில் இல்லாத ஆசையை மூட்டுவதற்கென்றே எழுதப்படும் கடிதத்துக்குத் தர்மம் வகுப்பது வீண்வேலையன்றோ என்பது அந்த ஆட்சேபம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்கு மகாபாரதத்திலேயே ஒரு விடை இருக்கிறது. சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்னும் தபஸ்வி, தன் சடையிலே பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் வரையில் அசையாது நின்று தவம் செய்தவன், தன்னை ஒப்பார் இல்லை என்று செருக்குற்றபோது, காசி நகரத்து வியாபாரியாகிய துலாதாரனுக்கு நீ ஈடாக மாட்டாய் என்று ஒரு குரல் அவனுக்குச் சொல்லியது. தேடிப் போன ஜாஜலி கண்டது, வாசனைப் பண்டங்களும் மூலிகைகளும் விற்றுக் கொண்டு கடையில் அமர்ந்திருந்த ஒரு சாதாரண வணிகனை. மது விற்பதில்லை, வஞ்சகமாக வாங்குவதும் விற்பதும் இல்லை, என் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்பதே துலாதாரன் தன் தவமாக எடுத்துக் கூறியது. வியாபாரத்தை விட்டு ஓடினால்தான் அறம் என்று அந்த இதிகாசம் சொல்லவில்லை. வியாபாரத்தின் நடுவிலேயே ரிஷிக்கு உபதேசம் செய்யத் தக்க அறம் உண்டு என்று சொல்லுகிறது. நம்முடைய பட்டினப்பாலையும், கொள்வதில் மிகை கொள்ளாமலும் கொடுப்பதில் குறை வைக்காமலும் தம் பண்டத்தின் விலையை வெளிப்படையாகச் சொல்லியும் வாழ்ந்தவர்கள் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகிறது. ஆகவே விற்பதற்காகப் பேசுவது பாவமன்று. எவ்வாறு பேசுகிறோம் என்பதிலேயே பாவமும் புண்ணியமும் பிரிகின்றன.

இதைப் பற்றிப் பேச, இத்தோட்டங்களில் உழைத்துவரும் மலையகத் தமிழருக்கு உள்ள உரிமை வேறு எவருக்கும் இல்லை என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அவர்களுடைய சரித்திரமே ஒரு பொய்யான அழைப்பில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும், திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களின் பஞ்சம் பிடித்த கிராமங்களில், துரைமாரின் முன்பணத்தோடு வந்து இறங்கிய கங்காணிகள், கண்டிச் சீமையில் செடியின் அடியைக் கிளறினாலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள் என்பது தோட்டங்களில் பாட்டன் பாட்டி வழியாக இன்றும் வழங்கிவரும் நினைவு. கேட்பவனின் பசியை அளந்து, அப்பசிக்குத் தக்க சொல்லைத் தேர்ந்து, உரிய காலத்தில் உரிய மனிதனின் காதில் போட்ட அக்கங்காணியை, இன்றைய விளம்பர சாஸ்திரத்தின் அளவுகோலால் அளந்தால், மிகச் சிறந்த நிபுணன் என்றே சொல்ல வேண்டும். அவன் சொல் போய்ச் சேர்ந்தது. கேட்டவர் மனத்தைக் கவர்ந்தது. அவர்களைக் கடல் தாண்டி நடத்திச் சென்றது. வந்து சேர்ந்தவர்களுக்குத் தேங்காய் கிடைக்கவில்லை, கடன் கிடைத்தது. கடனைத் தீர்த்தாலன்றித் தோட்டம் மாற முடியாதபடி அவர்களைக் கட்டிப்போட்ட காகிதத்துக்குத் துண்டு என்று பெயர் இருந்தது. அந்தத் துண்டு முறையை நீக்கச் சட்டம் வந்தது 1921-இல். சொல்லின் வெற்றியும் சொல்லின் அறமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தொடர்ந்து பரந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களின் நடுவே, ரப்பர்க் காடுகளுக்கும் வயல்களுக்கும் இடையில் சிதறிக் கிடப்பவை. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்துக் கோயிலின் மணி கேட்கும் தூரத்திலேயே விகாரையின் பிரித் ஓதலும் கேட்கும். சிவனொளிபாத மலைக்கு இரத்தினபுரி வழியாக ஏறும் யாத்திரிகரில் இரு மதத்தவரும் ஒரே படியில் மூச்சு வாங்குவர். ஆகவே இங்கே அண்டை வீட்டுச் சமயத்தின் வாக்கையும் கேட்பது முறையாகும். மஜ்ஜிம நிகாயத்தின் மகா சத்தாரீசக சூத்திரத்தில், தவறான ஜீவனோபாயம் எது என்று விளக்க வந்த புத்தர், ஐந்து வகைச் செயல்களை எடுத்துச் சொல்கிறார்: பாசாங்கு செய்தல், இச்சகம் பேசுதல், குறிப்பாக உணர்த்திப் பெறுதல், இழித்தும் நெருக்கியும் பெறுதல், லாபத்தைக் காட்டி லாபம் தேடுதல். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் அமர்ந்து விசுத்திமார்க்கத்தை எழுதிய புத்தகோஷர் இவற்றை ஒவ்வொன்றாக விரித்து உரைக்கிறார். அவை பெரும்பாலும் பிக்ஷுக்களை முன்னிட்டுச் சொல்லப்பட்டவை என்பது உண்மையே. வணிகனுக்குப் பிக்ஷுவின் விதிகள் அனைத்தும் பொருந்த மாட்டா. ஆயினும் பிக்ஷா பாத்திரத்தோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கும் துறவியும், முன்பின் அறியாத ஒருவரின் அஞ்சல் பெட்டியில் வந்து நிற்கும் வர்த்தகனும், சொல் ஒன்றையே துணையாகக் கொண்டு பிறர் வாசலில் நிற்கிறார்கள் என்ற அளவில் ஒப்பானவர்களே.

அந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய விற்பனை மின்னஞ்சல் ஒன்றைப் படித்துப் பாருங்கள். தம்மிடம் இல்லாத நற்குணத்தை இருப்பதாகக் காட்டும் பச்சை இலைச் சின்னங்களும், தொழிலாளரை நேசிக்கிறோம் என்னும் பொதுவாசகங்களும் பாசாங்கின் இனத்தைச் சேர்ந்தவை. உயர்ந்த ரசனையுள்ள உங்களுக்கு மட்டும் என்று தொடங்கி, இயந்திரம் பெயரை மட்டும் மாற்றி மாற்றி இருபதினாயிரம் பேருக்கு அனுப்பும் கடிதம் இச்சகம். முன்னர் ஒருபோதும் எழுதாதவருக்கு, முன்பு நடந்த கடிதப் போக்குவரத்துக்குப் பதில் எழுதுவது போலத் தலைப்பு அமைப்பதும், எதையும் வாங்க உத்தேசிக்காதவருக்கு உங்கள் பொருள் காத்திருக்கிறது என்று எழுதுவதும் குறிப்பால் ஏமாற்றுதல். இன்னும் மட்டமான தூளைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று நாணச் செய்வதும், இன்று நள்ளிரவோடு முடிகிறது என்று வாரந்தோறும் அறிவித்து அவசரப்படுத்துவதும் நெருக்கிப் பெறுதல். ஐந்தாவது மட்டும் சற்று நிதானமாக ஆராய வேண்டியது. மாதிரிப் பொட்டலம் ஒன்றை இலவசமாக அனுப்புவது தவறா? அப்படி நான் நினைக்கவில்லை. சுவைத்துப் பார்த்து முடிவு செய்க என்று கொடுப்பது வாங்குபவனின் விவேகத்துக்குச் செய்யும் மரியாதை. ஆனால் இலவசம் என்ற சொல்லின் கீழே, கண்ணுக்கு எட்டாத சிற்றெழுத்தில், மாதந்தோறும் தானாகவே பணம் பிடித்துக்கொள்ளும் சம்மதத்தைப் பதுக்கி வைப்பது இருக்கிறதே, அது தானமன்று, தூண்டில்.

சரி, போய்ச் சேருதல் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடிதம் எப்படியாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்று எண்ணுவோர், பெறுபவனின் அநுமதி என்ற ஒன்று உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். 1978 மே மாதத்தில் அமெரிக்காவில் கேரி துவர்க் என்னும் கணினி விற்பனையாளர், அர்ப்பாநெட் வலைப்பின்னலில் இருந்த சுமார் நானூறு பேருக்குக் கேளாமலேயே ஒரு விளம்பரத்தை அனுப்பியதுதான் இவ்வகைக் கடிதங்களுக்கு ஆதி என்று கருதப்படுகிறது. அன்றே அதற்குக் கண்டனம் எழுந்தது. இலங்கையின் 2022-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய செய்திகளை அனுப்புவதற்குச் சம்மதம் வேண்டும் என்றும், வேண்டாம் என்று விலகும் வழி கட்டணமின்றி இருக்க வேண்டும் என்றும் தனி அத்தியாயமே வகுத்திருக்கிறது. 2024 முதல் கூகுளும் யாஹூவும், பெருந்தொகையாகக் கடிதங்களை அனுப்புவோர் தாம் இன்னாரே என்று தொழில்நுட்ப முறையில் நிரூபிக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், தொல்லை என்று பெறுநர் முறையிடும் கடிதங்கள் ஆயிரத்துக்கு மூன்று என்னும் அளவை எட்டக் கூடாது என்று விதித்திருக்கின்றன. தன் உண்மைப் பெயரைச் சொல்லாதவனை வாசலில் நிறுத்திவிட இயந்திரமே கற்றுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இதே இடத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஒன்றும் உண்டு. கடிதத்தினுள்ளே கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு புள்ளிப் படத்தை வைத்து, பெறுபவர் அதை எப்போது திறந்தார், எத்தனை முறை திறந்தார் என்று அவர் அறியாமலே கணக்கெடுப்பது வழக்கமாகிவிட்டது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சல் செயலியில் அந்தக் கணக்கைக் குழப்பும் ஏற்பாட்டைச் செய்த பிறகும் அவ்வழக்கம் ஒழியவில்லை. கொடுக்கப்படாததை எடுத்தல் என்று பஞ்சசீலத்தின் இரண்டாவது சீலம் எதை விலக்குகிறதோ அதற்குள் இதுவும் அடங்கும் என்பது என் அபிப்பிராயம். ஒருவர் எந்த நாழிகையில் என்ன படிக்கிறார் என்பது அவருடைய உடைமை. அதை அறிய விரும்பினால் கேட்டு அறிய வேண்டும்.

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து முன்னேறி, கொழும்பில் தேயிலை ஏற்றுமதி செய்யும் அலுவலகமொன்றில் இத்தகைய கடிதங்களை எழுதும் வேலையில் அமர்ந்திருக்கிற இளைஞர் ஒருவர், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தார். அவருடைய தாயார் இன்றும் கொழுந்து எடுப்பவர். தகப்பனார் பக்கத்து டிவிஷனில் ரப்பர்ப் பால் வெட்டியவர். ஜெர்மனிக்கு அனுப்புவதற்காகத் தாம் எழுதிய கடிதத்தின் முதற்பிரதியை அவர் எனக்குத் தமிழாக்கிச் சொன்னார். காலைப் பனியில், எங்கள் பெண்கள் புன்னகையோடு, தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறத்தால் பறித்த இலை என்பது அதன் தொடக்கம். இதை அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினீரா என்று கேட்டேன்.

“காட்டினேன் சேர். ‘நான் என்னைக்குடா சிரிச்சிக்கிட்டு கொழுந்து எடுத்தேன்? மழையில படங்கு நனைஞ்சு, அட்டை கடிச்சு, தராசுல கழிச்சது போக முழுப்பேர் விழுமா, முழு நாள் சம்பளம் கெடைக்குமான்னு நெனைச்சுக்கிட்டுல்ல எடுத்தேன்’ன்னு கேட்டாங்க. அதுக்குப் பிறகு எனக்கு எழுதவே கை வரல்ல. ஆனா சேர், நான் எழுதினது பொய்யா? படத்துல அவங்க சிரிச்சிக்கிட்டுத்தானே நிக்கிறாங்க?”

அவருடைய கேள்விக்கு நேர் விடை காண, நம் தத்துவ நூல்கள் அறிவின் வாயில்களைப் பற்றிச் சொல்வதை நாட வேண்டியிருக்கிறது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் கொள்வர். தேயிலையின் சுவையைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவன் பொய் சொன்னால் அது நெடுநாள் நில்லாது. ஏனெனில் பொட்டலம் வந்து, நீர் கொதித்து, நான்கைந்து நிமிஷங்களில் நாக்கு என்னும் பிரத்தியட்சப் பிரமாணம் தீர்ப்புச் சொல்லிவிடும். சப்ரகமுவத்துத் தாழ்நிலத் தேயிலைக்குரிய நீண்டு முறுகிய கரிய இலையும், செம்மை கலந்த கருஞ்சாறும், வெல்லப்பாகை நினைவூட்டும் இனிய மணமும் அங்கே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் அந்த இலையைக் கிள்ளியவள் எப்படி வாழ்கிறாள் என்பதை எந்த நாக்கும் அறிய முடியாது. ஹாம்பர்க் நகரத்தில் அமர்ந்திருப்பவனுக்கு அதைக் கண்டறிய வேறு வழியும் இல்லை. அங்கே அவன் முற்றிலும் உரை என்னும் அளவையையே, அதாவது பிறர் சொல்லையே, நம்பியிருக்கிறான். எவன் சொல்லை அப்படி நம்பலாம் என்று கேட்டால், நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் தெளிவாக விடையளிக்கிறார்: பொருளை நேரில் அறிந்தவனாகவும், அறிந்ததை அறிந்தபடியே உரைக்க விரும்புகிறவனாகவும் இருப்பவனே ஆப்தன், அவன் ரிஷியாயினும் மிலேச்சனாயினும் வேறுபாடில்லை. இந்த இலக்கணத்தைத் தேயிலைக் கடிதத்துக்கு வைத்துப் பார்த்தால், கொழும்பு அலுவலகத்தில் எழுதுகிறவன் ஆப்தனாக மாட்டான். அவன் மலையிலே பிறந்தவனாயினும் கூடை சுமந்து கொழுந்து எடுத்தவன் அல்லன். ஆப்தவாக்கியம் சொல்லத் தகுதியுள்ளவள் அந்த மலையில் நின்ற பெண் ஒருத்தியே. அவளுடைய வாயிலிருந்து வராத சொல்லை அவளுடைய முகத்தின் மேல் ஒட்டி அனுப்புவதுதான் அந்தக் கடிதத்தின் பிழை. அவள் படத்தில் சிரித்தது மெய்யாக இருக்கலாம். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். வாய்மை என்பது பிறர்க்குத் தீங்கு பயவாத சொல் என்று வள்ளுவர் வரையறுத்தாரே, அந்த வரையறைப்படி, அவளுடைய துன்பத்தை மறைக்க உதவிய அந்தச் சிரிப்பு வாய்மையாகாது.

ஆகவே அந்த இளைஞருக்கு நான் சொன்னது இதுதான்: “தம்பி, ஒரு கடிதத்தை அனுப்பும் முன் அதைத் தமிழிலே, காலைப் பெரட்டுக் களத்தில், கொழுந்துக்குப் போக நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் உரக்க வாசிக்க முடியுமா என்று பாரும். வாசிக்கும்போது ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த வரியை எடுத்துவிடும்.” இது ஒரு கற்பனைப் பரீட்சையாக நின்றுவிடாமல் மெய்யாகவே செய்யப்பட வேண்டியது என்றும் சொன்னேன். சிங்களக் கிராமத்துச் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்தை வாங்கி ஆக்கும் ஆலையானால் அவர்கள் முன்னே சிங்களத்தில் வாசிக்கப்பட வேண்டும். சப்ரகமுவத்துத் தேயிலையில் பெரும்பங்கு அவர்களுடைய கையிலிருந்தே வருகிறது, ஆயினும் விற்பனைக் கடிதங்களில் அவர்களுக்கு இடமே இருப்பதில்லை.

அவர் திருத்தி எழுதிய கடிதத்தைப் பின்னர் எனக்குக் காட்டினார். புன்னகை போயிருந்தது. தென்மேல் பருவமழை ஓயாமல் பெய்த வாரத்தில் பறிக்கப்பட்டது இந்த இலை, மழைக் கொழுந்தாதலால் மணம் சற்று மெலிதாக இருக்கும், ஆனால் நிறம் குறையாது, பாலில்லாமல் அருந்துவோர்க்கே இது ஏற்றது, பால் சேர்ப்போர் இதை வாங்க வேண்டாம், அடுத்த மாதத்துத் தேயிலைக்குக் காத்திருங்கள் என்று எழுதியிருந்தார். கீழே, கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 2024-இல் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது என்பதையும், அது வாழ்க்கைச் செலவுக்குப் போதவில்லை என்று அவர்கள் சொல்வதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்திருந்தார். வாங்க வேண்டாம் என்று சிலருக்குச் சொல்லும் துணிவு அந்தக் கடிதத்தில் இருந்தது. யாருக்கு இந்தப் பண்டம், யாருக்கு அன்று என்று பிரித்து எழுதுவதைத்தான் விற்பனை வல்லுநரும் இந்தக் கலையின் தலையாய உத்தியாகக் கற்பிக்கிறார்கள். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே பயனில்லாத சொல்லைச் சொல்லாதே என்பதற்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்ல ஒன்றுமில்லாத வாரத்தில் கடிதமே அனுப்பாதிருப்பது, நான் அறிந்த வரையில், வர்த்தகர் எவரும் மேற்கொள்ளத் துணியாத நல்லொழுக்கம்.

அக்கடிதத்தின் கடைசி வாக்கியத்தை அலுவலகத்தில் அநுமதித்தார்களா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். சம்பளத்தைப் பற்றிய வரியை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பினார்களாம். உண்மை எவ்வளவு தூரம் விற்பனைக்கு உதவுமோ அவ்வளவு தூரம் அதை அநுமதிப்பதும், அதற்கு அப்பால் போனால் வெட்டிவிடுவதும் சத்தியமாகாது. துலாதாரன் தன் தராசு எல்லோருக்கும் சமம் என்றான். வாங்குகிறவனுக்கு மட்டும் சமம் என்று அவன் சொல்லவில்லை. தோட்டத்தில் மாலைப்பொழுதில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். சாக்குக்கு என்றும், ஈரத்துக்கு என்றும், நிறுவையிலிருந்து கிலோக் கணக்கில் கழிப்பார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரக்கழிவு நிற்பதில்லை என்று பெண்கள் முறையிடுவார்கள். கூடையை இறக்கிய பெண் முள்ளையும் கணக்கப்பிள்ளையின் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தத் தராசு கோணியிருக்கையில், உலகுக்குப் போகும் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் நேராக இருந்தாலும், அந்த வியாபாரம் துலாதாரனுடைய வியாபாரம் அன்று.

உண்மையாக எழுதினால் விற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலை ஒருமுறை வாங்கி முடிந்துபோகும் பண்டமன்று. நாள்தோறும் குடித்துத் தீர்ந்து மீண்டும் வாங்கப்படுவது. அத்தகைய பண்டத்தில் முதல் விற்பனையைப் பொய் பெற்றுத் தரலாம். பத்தாவது விற்பனையை நம்பிக்கையன்றி வேறெதுவும் பெற்றுத் தராது. நூறு சதவீதம் இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதியிடப்பட்டதாகவும் இருந்தாலன்றித் தன் சிங்கச் சின்னத்தைப் பயன்படுத்த விடாமல் இலங்கைத் தேயிலைச் சபை காத்து வருவதும் இந்த நம்பிக்கையைத்தான். இவ்வளவும் சொன்ன பிறகும், லாபம் தரும் என்பதற்காக மட்டும் உண்மை பேசுபவன், லாபம் தராத நாளில் அதைக் கைவிடுவான் என்பதால், அந்தக் காரணத்தின் மேல் அறத்தைக் கட்ட நான் விரும்பவில்லை.

கடைசியாக, கடிதம் போய்ச் சேர்வதைப் பற்றியே இன்னொன்று. தோட்டத்து ஆபீஸிலிருந்து புறப்படும் மின்னஞ்சல் ஒரு நொடியில் ஹாம்பர்க்கை அடைகிறது. ஆனால் அதே தோட்டத்தின் லயத்தில் வாழும் பெண்ணுக்கு வரும் கடிதம், பெரும்பாலான தோட்டங்களில் இன்னும் அவள் கைக்கு நேரே வருவதில்லை. லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இல்லாமையால், தோட்டத்தின் பெயருக்கு மொத்தமாக வந்து, ஆபீஸில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, சில வேளைகளில் நாள் கடந்தும் சில வேளைகளில் சேராமலும் போகிறது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்தபின் கைக்குக் கிடைத்த பிள்ளைகள் இம்மலைகளில் இருக்கிறார்கள். உலகெங்கும் இருக்கும் தேநீர் அருந்துவோரின் பெயரையும் முகவரியையும் விருப்பத்தையும் அட்டவணையிட்டு வைத்திருக்கும் கம்பனிகளுக்கு, தங்கள் தோட்டத்து லயங்களுக்கு இலக்கமிட்டு முகவரி வழங்குவது கடினமான காரியமன்று. அஞ்சல் திணைக்களமும் பிரதேச சபைகளும் கம்பனிகளும் ஒன்றுகூடி, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டத்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஓர் இலக்கமும், அந்த இலக்கத்துக்கு நேரே வந்து சேரும் தபாலும் கிடைக்கச் செய்ய வேண்டும். இதைக் கேட்டு எழுதுங்கள் என்று, சப்ரகமுவத் தேயிலையை வாங்கி அருந்தும் ஒவ்வொரு வாசகரையும் வேண்டிக்கொள்கிறேன்.